டாட்டிங் ஷட்டில் வாங்கும்போது முதலில் நுனியைப் பாருங்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பள்ளியில் படித்த காலத்தில் ஒரு சிஸ்டர் எங்களுக்கு டாட்டிங் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வேலை, குடும்பம் என்று விட்டுப்போனது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், மறுபடி ஆரம்பிக்க ஆசை. கைக்குட்டைக்கும் பேத்தியின் கவுனுக்கும் ஓரம் போட வேண்டும். அம்மாவின் பழைய இரும்பு ஷட்டில் ஒன்று இருக்கிறது, லேசாகத் துருப்பிடித்திருக்கிறது. ஆன்லைனில் பார்த்தால் கொக்கி வைத்தது, கூர்நுனி வைத்தது, பாபின் போடுவது என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை வாங்குவது? எந்த வசதி உண்மையிலேயே உதவும்? பத்து வயதுப் பேத்தியும் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். தனி ஷட்டில் வேண்டுமா?"

டாட்டிங் என்பது ஷட்டில் என்ற சின்னப் படகு வடிவக் கருவியில் நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் போட்டு லேஸ் செய்யும் கைவேலை. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கில், நூல் சுற்ற உள்ளே நடுத்தண்டு வைத்த, ஒரு முனை கூராக நீண்டிருக்கும் ஷட்டில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே மாதிரி, ஆனால் வேறு வேறு நிறம். கூடவே 0.6 மி.மீ. குரோஷா ஊசி ஒன்று. கைக்குட்டை ஓரத்துக்கும் கவுன் ஓரத்துக்கும் இது தாராளமாகப் போதும். ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரிந்தால் கடையில் யார் எதை எடுத்து நீட்டினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஷட்டிலில் எல்லாவற்றையும் விட முக்கியமானது அதன் இரண்டு நுனிகள். மேல் தகடும் கீழ்த் தகடும் முனையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நூலைச் சுற்றும்போதும் விடும்போதும் அந்தச் சந்தில் நூல் நுழைந்து 'டிக்' என்று தாண்டும். அந்தச் சின்ன அழுத்தம்தான் நூல் தானாக அவிழாமல் பிடித்துவைக்கிறது. நுனி விரிந்திருந்தால், ஷட்டில் மடியிலிருந்து நழுவிய மறு நொடி நூல் முழுவதும் தரையில் கிடக்கும். ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் தொல்லைதான், ஒவ்வொரு சுற்றிலும் நூலின் முறுக்கு தேய்ந்து பிசிறு எழும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைக்குப் போகும்போது நீங்கள் பயன்படுத்தப்போகும் நூலில் கொஞ்சம் எடுத்துப்போங்கள். நாலைந்து சுற்று சுற்றி, நூலின் நுனியை விரலில் பிடித்துக்கொண்டு ஷட்டிலைத் தொங்கவிடுங்கள். அது மெதுவாகச் சுழன்றபடி அந்தரத்தில் நிற்க வேண்டும், கீழே இறங்கக் கூடாது. அதே நேரத்தில் நீங்கள் வேண்டுமென்று இழுத்தால் 'டிக்', 'டிக்' என்று சுலபமாக வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இது வெறும் கடைச் சோதனையும் இல்லை. டாட்டிங் போடப்போட நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அவ்வப்போது ஷட்டிலைத் தொங்கவிட்டுச் சுழலவிட்டால்தான் முறுக்கு இறங்கும். தொங்கவிட முடியாத ஷட்டிலில் நூல் சுருண்டு சுருண்டு சிக்கு விழும்.

அழகுக்காக விற்கப்படும் பழைய பாணி ஷட்டில்களில் இந்த நுனி விஷயம்தான் பெரும்பாலும் கோட்டை விடப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபு குலப் பெண்கள் 'நாட்டிங்' என்று வேறொரு முடிச்சு வேலை செய்துவந்தார்கள். 1760-ஐ ஒட்டி ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஆல்பமார்ல் சீமாட்டியின் ஓவியத்தில், அவர் கையில் அப்படி ஒரு ஷட்டிலைப் பார்க்கலாம். தடித்த நூலுக்கானவை என்பதால் அவை பெரியவை, நுனியும் திறந்திருக்கும். டாட்டிங்குக்கு அந்த வடிவம் உதவாது. அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் வாங்கலாம்.

நுனிக்கு அடுத்தது உடம்பு. டாட்டிங்கில் ஷட்டிலைக் கையிலிருந்து விடுவதே கிடையாது. முடிச்சின் முதல் பாதியில் ஷட்டில், இடது கை விரல்களில் சுற்றியிருக்கும் நூலுக்கு அடியில் போய், மேலாகத் திரும்பி வரும். போகும்போது நூல் ஆள்காட்டி விரலுக்கும் ஷட்டிலுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகிறது. வரும்போது கட்டைவிரல் பக்கம் அதே கதை. இரண்டாம் பாதியில் மேலே போய் அடியில் திரும்பும். ஒரு கைக்குட்டைக்குள் இது ஆயிரக்கணக்கில் நடக்கும். அதனால் வெளிப்புறம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், மேலே வேலைப்பாடு எதுவும் துருத்தக் கூடாது. கல் பதித்தது, புடைப்பாகச் செதுக்கியது எல்லாம் பார்க்கத்தான் லட்சணம்.

விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய ஷிபான் துப்பட்டாவை எடுத்து, ஷட்டிலின் ஓரம் முழுக்க அதன் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே உங்கள் நூலும் மாட்டும். பட்டுப் புடவையில் இதைச் செய்துவிடாதீர்கள்! பிளாஸ்டிக்கில் இரண்டு பாதிகளை ஒட்டிய இடத்தில்தான் இந்தப் பிசிறு வழக்கமாக இருக்கும். நகம் தேய்க்கும் அட்டையால் நாலு தடவை தேய்த்தால் போய்விடும், அதற்காக ஷட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம்.

அளவு என்று பார்த்தால், 7 செ.மீ. நீளம் பெரும்பாலான கைகளுக்கு வசதி. பெரியதில் நூல் நிறையப் பிடிக்கும் என்பது நிஜம்தான். அதில் ஒரு நன்மையும் உண்டு. முடிச்சுகளைப் போட்டு நூலை இழுத்து மூடினால் வளையம், மூடாமல் வில்லாக விட்டால் செயின். வளையத்தின் நடுவில் ஷட்டில் நூல் தீர்ந்தால் சங்கடம், புது நூலை வளையமோ செயினோ தொடங்கும் இடத்தில்தான் சேர்க்க முடியும். ஆனால் இடது கை விரல்களுக்கு நடுவே இருக்கும் சந்து சிறியது. வளையம் முடியப்போகும் நேரத்தில் அது இன்னும் குறுகிவிடும். பெரிய ஷட்டில் அங்கே இடித்துக்கொண்டே இருக்கும்.

இனி நீங்கள் குழம்பிப்போன இடத்துக்கு வருகிறேன்: கொக்கியா, கூர்நுனியா?

வளையங்களை ஒன்றோடொன்று இணைக்க, பிகாட் என்கிற சின்ன நூல் கண்ணிக்குள் இருந்து நூலை மேலே இழுக்க வேண்டும். ஷட்டிலிலேயே கொக்கி இருந்தால் வேறு ஊசியைத் தேட வேண்டாம் என்று தோன்றும். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொக்கியின் அளவு மாறாது, உங்கள் நூல் மாறும். 20-ஆம் நம்பர் நூலுக்குச் சரியாக இருக்கும் கொக்கி, அதை விட மெல்லிய 40-ஆம் நம்பரில் போட்ட கண்ணிக்குள் நுழையாது. பலவந்தமாக நுழைத்தால் அந்தக் கண்ணி மட்டும் இழுபட்டு, வரிசையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளை நூலில் அது பளிச்சென்று தெரியும். அது போக, முடிச்சு போடும்போது கொக்கி போகிற வருகிற நூலையெல்லாம் இழுக்கும், உள்ளங்கையையும் குத்தும். பழகியவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். பல வருடம் கழித்துத் திரும்புகிறவருக்கு இந்த எரிச்சல் வேண்டாம் என்பது என் கருத்து.

கூர்நுனி அப்படி மாட்டாது. 20-ஆம் நம்பர் நூலில், கண்ணி கொஞ்சம் தாராளமாக இருந்தால், அந்தக் கூர்நுனியாலேயே நூலை நெம்பி மேலே எடுத்துவிடலாம். மெல்லிய நூலுக்குத் தனியாக வைத்திருக்கும் 0.6 மி.மீ. குரோஷா ஊசி கை கொடுக்கும். ஊசியை ஒரு நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், தேடும் வேலையே இல்லை. கூர்நுனியின் நிஜமான பயன் இணைப்பதில் கூட இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. தப்பாகப் போட்ட முடிச்சுக்குள் அதை நுழைத்து லேசாக அசைத்தால் முடிச்சு தளர்ந்து கொடுக்கும். ஆரம்ப வாரங்களில் போடுவதை விடப் பிரிப்பதுதான் அதிகம் நடக்கும், அப்போது அந்த நுனியின் அருமை தெரியும். ரொம்பக் கூராக இருந்து விரலைக் குத்தினால் அதே நகம் தேய்க்கும் அட்டைதான் வைத்தியம். ஜப்பானின் கிளோவர் நிறுவனத்துப் பிளாஸ்டிக் ஷட்டில் இந்த வகைதான். படத்தைப் பார்த்து வடிவத்தைத் தெரிந்துகொள்ள அது நல்ல உதாரணம்.

பாபின் போடும் ஷட்டில் மோசம் என்று சொல்ல மாட்டேன். நூல் வேண்டும்போது ஷட்டிலைத் திருப்பித் திருப்பி விடத் தேவையில்லை, இழுத்தால் பாபின் சுழன்று கொடுக்கும். அதிகமாக வந்துவிட்ட நூலைத் திரும்பச் சுற்றுவதும் சுலபம். நிறம் மாற்ற பாபினை மட்டும் மாற்றினால் ஆச்சு. ஆனால் பாபின் அதன் இடத்தில் சற்று இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும், தொள தொளவென்று இருந்தால் வளையத்தை இறுக்கும்போது நூல் ஓடிக்கொண்டே இருக்கும். தொலைந்தால் தையல் மெஷின் பாபின் எல்லா ஷட்டிலிலும் சேராது, பலவற்றுக்கு அந்தக் கம்பெனி பாபினையே தேட வேண்டும். மணி கோத்துப் போடுவதானால் பாபினில் இடமும் போதாது. கை பழகிய பிறகு ஒன்று வாங்கிப் பாருங்கள்.

எந்தப் பொருளில் செய்தது என்பது நம் ஊருக்குக் கொஞ்சம் முக்கியம். சென்னையில் கை வியர்க்காத மாதம் குறைவு. வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை கறுத்து நூலில் கறை விடும். முலாம் பூசியது முலாம் தேயும் வரை நன்றாக இருக்கும். மரம் கைக்கு இதம், வியர்த்தாலும் வழுக்காது. ஆனால் உள்பக்கமும் நடுத்தண்டும் நன்றாக இழைத்து மெருகு போட்டதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெளியே பளபளத்து உள்ளே சொரசொரக்கும் மர ஷட்டில் நிறைய வருகிறது. பிளாஸ்டிக்குக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடலாம். வியர்வைக்கு முகப் பவுடர் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது நூலில் ஏறி வெள்ளையை மங்கடிக்கும். மடியில் ஒரு சின்னத் துண்டு இருந்தால் போதும்.

அம்மாவின் ஷட்டிலைத் தூக்கி வைத்துவிட வேண்டாம். மெல்லிய உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் துணியில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் வெள்ளை நூலுக்கு அது ஆகாது. பருத்தியில் ஏறிய துருக் கறை சாதாரணத் துவைப்பில் போகாது. அடர்ந்த நிற நூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிப் பாதுகாக்கலாம் என்று யாராவது சொன்னால், நூல் சுற்றும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நுனி விரிந்திருந்தால் துணியை வைத்து விரலாலேயே மெதுவாக அமுக்கினால் கூடும். குறடு வேண்டாம்.

இரண்டு ஷட்டில் ஏன்? வெறும் வளையத்துக்கு ஒன்று போதும். வளையமும் செயினும் மாறி மாறி வரும் ஓரத்துக்கு ஒரு ஷட்டிலும் நூல்கண்டும் போதும். ஆனால் செயினின் மேல் இன்னொரு வளையம் உட்கார வேண்டும் என்றாலோ, ஒரே வளையத்தின் இரண்டு பாதியையும் இரண்டு நூலில் போடுவது என்றாலோ, இரண்டாவது ஷட்டில் இல்லாமல் நடக்காது. கவுன் கழுத்துக்கு நீங்கள் விரும்பும் டிசைன் எப்படியும் அங்கே கொண்டுபோய் விடும். நிறம் வேறாக இருந்தால் "சிவப்பு வளையத்துக்கு, நீலம் செயினுக்கு" என்று கை தானே பழகிக்கொள்ளும்.

நூலில் நம்பர் கூடக்கூட நூல் மெலியும். ஆங்கர் மெர்சரைஸ்ட் பருத்தி நூலில் 20-ஐ வைத்துக் கையைத் திருப்பிக்கொள்ளுங்கள், கைக்குட்டைக்கு அப்புறம் 40-க்குப் போகலாம். நூலைச் சுற்றும்போது தகட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே பிதுங்கும் அளவுக்குச் சுற்றாதீர்கள். வெளியே தெரியும் நூல் அழுக்காகும், அடைத்துச் சுற்றியது நுனியை நிரந்தரமாக விரித்துவிடும். வளையம் இறுக்க வரவில்லை என்றால் மட்டும் ஷட்டிலைக் குறை சொல்ல வேண்டாம். முடிச்சு ஷட்டில் நூலிலேயே விழுந்திருக்கும். அது இடது கை நூலுக்கு மாற வேண்டும், ஷட்டில் நூல் நேராக உள்ளே ஓட வேண்டும்.

வாங்கும் இடம்: சௌகார்பேட்டை நாராயண முதலி தெருப் பக்கம் லேஸ், மணி, கைவேலைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். "டாட்டிங்" என்று சேர்த்தே கேளுங்கள். தையல் மெஷின் சாமான் கடையில் வெறும் ஷட்டில் என்று கேட்டால் மெஷினுக்கு அடியில் சுழலும் பாகத்தை எடுத்துத் தருவார்கள். ஆன்லைனில் வாங்குவதானால் பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் எல்லா ஷட்டிலும் அழகுதான், நுனி சேர்ந்திருக்கிறதா என்பது பக்கவாட்டில்தான் தெரியும். வந்ததும் தொங்கவிட்டுப் பாருங்கள், இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பேத்திக்குத் தனி ஷட்டில் தேவையில்லை. இடது கை, வலது கை என்ற வித்தியாசம் ஷட்டிலுக்குக் கிடையாது, கூர்நுனி முன்பக்கம் இருக்கும்படி அவள் எந்தக் கையில் பிடித்தாலும் சரி. சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். உங்கள் வலது கை அவளுக்கு நேரே அவளுடைய இடது கையாகத் தெரியும், பார்த்து அப்படியே செய்துவிடுவாள். அவளுக்கு முதலில் தடித்த நூலும் இரண்டு நிறமும் கொடுங்கள்: ஷட்டிலில் ஒரு நிறம், கண்டில் இன்னொன்று, இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு செயின். முடிச்சு ஷட்டில் நூலின் நிறத்தில் தெரிந்தால் தப்பு, கண்டு நூலின் நிறத்தில் தெரிந்தால் சரி. நீங்கள் சொல்லாமலேயே அவளுக்கு விளங்கிவிடும்.