ஹெட்டைக் கழற்றும் முன் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள்

கேள்வி: ஐயா, அப்பா 2006-ல் வாங்கிய மாருதி 800 வைத்திருக்கிறோம். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சமயபுரம் ரோட்டில் போகும்போது டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கிறது. திருவானைக்காவல் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் சிவப்பைத் தொடுகிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறேன். பட்டறையில் ஹெட் வேலை, 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். விற்றுவிடலாம் என்கிறார் தம்பி. அப்பா இப்போது இல்லை, எனக்கு விற்க மனமில்லை. (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: விற்க வேண்டாம் அம்மா. ஹெட்டையும், அதாவது இன்ஜினின் மேல்பாகத்தையும், இப்போது கழற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில், நெரிசலில் ஏறும் சூடு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஓடினால் சரி, நின்றால் சூடு என்றால் என் சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான். ஏ.சி.யை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபியூஸ், ரிலே, ஃபேன் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால் மோட்டார் நல்லதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, ரோட்டில் முள் அடியிலேயே கிடப்பது. இது நல்ல அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வண்டியில் எப்போதோ யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் அது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் மெழுகு சுமார் 80 டிகிரியில் இளகி விரிந்து வழியைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாது, அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் அரைச்சூட்டிலேயே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கரி படியும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிவது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். நான் தொழில் பழகிய பட்டறையிலும் அதைத்தான் செய்தோம். எத்தனை வண்டிகளில் என் கையாலேயே கழற்றியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. புதிது வாங்கிப் போட்டுவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

அப்புறம் அந்தக் குழாய்த் தண்ணீர். காவிரித் தண்ணீரே ஆனாலும் வேண்டாம். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும், உள்ளே துருவும் பிடிக்கும். ரேடியேட்டரைக் கழற்றி ஃப்ளஷ் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்லுங்கள். மூடியையும் மாற்றுங்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் தடுப்பது அந்த மூடிதான். அதன் ரப்பர் செத்துப்போனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். சூட்டோடு மட்டும் திறந்துவிடாதீர்கள். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவனுக்கு அப்படித் திறந்து முழங்கை வரை வெந்துபோனது.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு ஏறினால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அது போயிருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வரும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கும். இதில் ஒன்றையாவது கண்ணால் காட்டச் சொல்லுங்கள், பிறகு 28,000 பற்றிப் பேசலாம். அதுவரை முள் சிவப்பை நெருங்கினால் ஓரம்கட்டி நிறுத்திவிடுங்கள். ஹெட் அலுமினியம், ஒருமுறை அதிகச் சூட்டில் ஓட்டினாலும் வளைந்துவிடும். அப்புறம் பட்டறைக்காரர் சொன்னதே உண்மையாகிவிடும்.

கேள்வி: எங்கள் கார் 20 வருடத்தை நெருங்குகிறது. உடைக்கப் போட்டே ஆக வேண்டுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது டெல்லிக்கான கட்டுப்பாடாக இருக்கும். சொந்தக் கார் என்றால் 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். செலவுதான் கூடியிருக்கிறது. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், பசுமை வரி தனி. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் முன் கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டைக் குத்திப் பாருங்கள். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், அடித்தகடு துருவில் உளுத்திருந்தால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. ஏழு வருடம் ஆகிறது. ஓட்டலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: மாற்றிவிடுங்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3218 என்றால் 2018-ம் வருடம் 32-வது வாரம் செய்தது. புதிது வாங்கும்போதும் அதைப் பார்த்தே வாங்குங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அதையும் எடுத்துப் பாருங்கள்.