மகள் எழுதும் மெட்டுகள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கிறோம். 20 வயது மகள் இசைக் கல்லூரியில் ஜாஸ் சாக்ஸபோன் படிக்கிறாள். சொந்தமாக மெட்டும் எழுதுகிறாள். வாரத்தில் இரண்டு மூன்று இரவு வாசிக்கப் போய், கடைசி ரயிலில் திரும்புகிறாள். கையில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. 'இது நம் சங்கீதமும் இல்லையே' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கணக்காளரான அவள் அப்பா, கணக்கியலுக்கு மாறச் சொல்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்: அன்புச் சகோதரி, மாறச் சொல்லாதீர்கள்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. ஜாஸ் கலைஞர்களில் மாதச் சம்பளம் வாங்குபவர்கள் மிகக் குறைவு. கிளப்பில் ஒரு இரவு, கல்யாண வரவேற்பில் ஒரு மாலை, பிள்ளைகளுக்குப் பாடம் என்று அங்கங்கே சேர்வதுதான் வருமானம். கல்லூரி முடிந்ததும் அது தானாகச் சரியாகிவிடாது.

ஆனால், 'சொந்தமாக மெட்டும் எழுதுகிறாள்' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்தவர் குழுவில் வாசித்தால் அன்றைய கூலியோடு சரி. தன் மெட்டு மேடையிலோ வானொலியிலோ ஒலித்தால், இசை எழுதியவர்களுக்காக உரிமைத்தொகை வசூலித்துத் தரும் பி.ஆர்.எஸ். அமைப்பின் வழியே அவளுக்கும் பணம் வரும். அதற்கு உறுப்பினராகி, மெட்டுகளைப் பதிந்து, மேடையில் வாசித்தவற்றின் பட்டியலையும் அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் தொகை சிறிதுதான். இருந்தாலும், நாளைக்குத் தன் பெயரில் ஒரு குழு நடத்த அவளுக்குக் கைகொடுக்கப்போவது அந்த மெட்டுகளே.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். சாக்ஸபோன் கலைஞர் நூபியா கார்சியா லண்டன் காம்டனில் வளர்ந்தவர். கேரி கிராஸ்பியும் ஜனின் ஐரன்ஸும் 1991-ல் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ் என்ற இளைஞர் ஜாஸ் பயிற்சி அமைப்பில் பழகியவர். டிரினிட்டி லாபன் இசைக் கல்லூரியில் படித்தவர். நெரியா, மைஷா என்று நண்பர்களோடு சேர்ந்த குழுக்களில் வருடக்கணக்கில் வாசித்தார். 'சோர்ஸ்' என்ற ஆல்பம் 2020-ல் வந்தபோது முப்பதை நெருங்கிவிட்டார். டுமாரோஸ் வாரியர்ஸில் ஒன்றுசேர்ந்த எஸ்ரா கலெக்டிவ், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு வென்ற முதல் ஜாஸ் குழு. அது 2023-ல், குழு தொடங்கி பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆகவே இந்த வயதில் என்ன மிஞ்சியது என்று கேட்காதீர்கள். யாரோடு வாசிக்கிறாள், அவர்கள் இவள் மெட்டை எடுத்து வாசிக்கிறார்களா என்று கேளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்லலாம். சாக்ஸபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய கத்ரி கோபால்நாத்தும், அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' 2008-ல் வந்தது. வீட்டில் எல்லோருமாக ஒருநாள் கேளுங்கள். அதற்காக, 'நீயும் ராகத்தைக் கலந்து எழுது' என்று மகளை நெருக்க வேண்டாம். வந்தால் தானாக வரட்டும்.

அவள் அப்பாவிடமும் ஒரு வேலை இருக்கிறது. சுயதொழில் வரிக்கணக்கை அவரைவிட யார் நன்றாகச் சொல்லித்தர முடியும்? சாக்ஸபோனின் சீவாளியான ரீட், பழுதுபார்ப்பு, கச்சேரிக்குப் போகும் பயணம், எல்லாவற்றுக்கும் ரசீதை எடுத்துவைக்கப் பழக்கட்டும். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுமுன் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியனில் காட்டி ஆலோசனை கேட்கலாம். அதற்கு அவள் அதில் சேர்வது அவசியம். சத்தமான மேடைகளில் காதடைப்பானும் அவசியம். காது கேட்கும் திறன்தான் அவளுடைய மூலதனம்.

கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறாளே, வாரத்தில் ஒரு இரவாவது நீங்களோ அவரோ காரில் போய் அழைத்து வாருங்கள். அரைமணி நேரம் முன்னதாகவே போனால் அவளுடைய மெட்டு ஒன்றையாவது உட்கார்ந்து கேட்கலாம்.