நுகர்வோர் கேள்வி-பதில்: இடுப்பளவுத் தண்ணீருக்கு எதற்கு லைஃப் ஜாக்கெட்?

கேள்வி: தடாவில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு ஏரிக்கரையில் தூண்டில் போடுவது பல வருடப் பழக்கம். கரையில் நின்றால் கெளுத்தியும் கிழங்கானும்தான் சிக்குகின்றன. கொடுவா பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு கயாக் வாங்கப் பார்க்கிறேன். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. என் எடை 82 கிலோ, நீச்சல் சுமாராகத் தெரியும். ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். எனவே ஜாக்கெட்டுக்கு ஆகும் பணத்தையும் படகிலேயே போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. முதலில் ஜாக்கெட், விசில், கத்தி, போன் உறை ஆகியவற்றுக்கு ஐயாயிரத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் என்ன படகு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கயாக் கவிழ்ந்தால் காற்று அதை உங்களைவிட வேகமாக இழுத்துக்கொண்டு போகும். பெட்டியில் வைத்த விசிலும், இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்த ஜாக்கெட்டும் அதோடு போய்விடும். அந்த நேரத்தில் உடம்பில் மாட்டியிருப்பது மட்டும்தான் உங்களிடம் இருக்கும். கடையில் எந்தப் பொருளைக் காட்டினாலும் இது என் உடம்போடு இருக்குமா, படகோடு இருக்குமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்பளவுத் தண்ணீர் என்கிறீர்கள். ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருப்பது சேறு. அண்ணாமலைச்சேரிப் பக்கம் ஒரு முறை, ஆழம் இல்லையே என்ற தைரியத்தில் படகிலிருந்து குதித்தேன். முழங்கால் வரை புதைந்தது. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் கீழே போனது. தண்ணீர் மார்புக்குக்கூட வரவில்லை. பயம் தலைக்கு மேல் போய்விட்டது. உடன் வந்தவர் துடுப்பை நீட்டி, அதன் மேல் குப்புறப் படுக்கச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். முகத்துவாரம் வேறு கதை. வற்றம் இறங்கும்போது, அதாவது கடல் உள்வாங்கி நீர் வடியும்போது, ஏரித் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாக வேகமாகக் கடலுக்கு ஓடுகிறது. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

இனி படகு. இரண்டு வகை உண்டு: குழிக்குள் கால் நீட்டி உட்காருவது ஒன்று, பலகை போல் மேலேயே உட்காருவது மற்றொன்று. உங்களுக்கு இரண்டாவதுதான். அதன் உடலில் மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்கும், அலை அடித்தால் தண்ணீர் அவற்றின் வழியே தானாக இறங்கிவிடும். துளை இருந்தால் மூழ்காதா என்று கடையில் பலர் கேட்கிறார்கள். நம் கட்டுமரத்தில் எத்தனை இடைவெளி! தண்ணீர் ஏறி இறங்கினாலும் மரம் மிதப்பதால் அது மூழ்குவதில்லை. இந்தக் கயாக்கில் மரத்துக்குப் பதிலாகக் காற்று அடைபட்ட பிளாஸ்டிக் கூடு. குழி வகை கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். பம்பு வைத்து இறைத்தால்தான் மறுபடி உட்கார முடியும், அதுவும் பழகியவர்களால்.

விளம்பரத்தில் தாங்கும் எடை 120 கிலோ என்று போட்டிருந்தால், அது மூழ்காமல் இருக்கும் எல்லை. நிம்மதியாக மீன் பிடிக்கும் எல்லை அல்ல. அதில் பத்துக்கு ஏழு பங்கை மட்டும் நம்புங்கள். நீங்கள் 82, சாமான், தண்ணீர்ப் பாட்டில், பிடிக்கப்போகும் கொடுவா எல்லாம் சேர்த்து ஒரு 20, ஆக 102 கிலோ. 150 கிலோ எழுதியிருக்கும் படகைப் பாருங்கள். அகலம் 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நின்றுகொண்டே தூண்டில் வீசலாம் என்று விற்பனையாளர் காட்டினால் ரசித்துவிட்டு உட்காருங்கள்.

பழைய கயாக் வாங்குவதும் தப்பில்லை. பெரும்பாலும் இவை பாலிஎத்திலீனால் ஆனவை. மழையைத் தாங்கும், வெயிலைத்தான் தாங்காது. மொட்டை மாடியில் வருடக்கணக்கில் கிடந்ததை விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல் வெள்ளையாக ஒட்டும், அது நொறுங்கத் தொடங்கியதன் அடையாளம். துளைகளின் ஓரத்தையும் இருக்கைக்கு அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் முதலில் விழும் இடங்கள் அவை. பிறகு ஒரு குடம் தண்ணீரை உள்கூட்டில் ஊற்றி அடைப்பானை மூடி, படகைப் புரட்டிப் புரட்டிப் பாருங்கள். உள்ளே ஊற்றியது வெளியே கசிந்தால், ஏரியில் வெளியே இருப்பது உள்ளே போகும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாங்கிய முதல் ஞாயிறு தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடியில் மணல் உள்ள மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் பிடித்து, காலை உதைத்து வயிறு படிய ஏறி, புரண்டு உட்கார வேண்டும். ஐந்து முறை ஏறத் தெரிந்த பிறகு மீனுக்குப் போகலாம். ஏற முடியவில்லை என்றால் அந்தப் படகு உங்களுக்கானது அல்ல. இதைக் கடைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கக் கேட்டுச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டுங்கள். படகை உங்களோடு கட்டாதீர்கள். நங்கூரத்தை ஒருபோதும் பக்கவாட்டில் கட்டக் கூடாது. நீரோட்டம் இழுத்தால் அந்தப் பக்கம் அமுங்கிக் கவிழ்ந்துவிடும். அணியத்திலோ (முன்முனை) பின்முனையிலோ கட்டி, கயிற்றின் நுனியில் ஒரு மிதவை மாட்டி, ஒரே இழுப்பில் கழற்றும் முடிச்சுப் போடுங்கள். கழற்ற முடியாத நாளுக்குத்தான் ஜாக்கெட்டில் கத்தி.

கேள்வி: ஆரம்பாக்கத்தில் வசிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் 1,900 ரூபாய்க்கு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். இரண்டாவது தடவை அணிந்தபோதே தையல் விட்டு, உள்ளிருந்து தெர்மாகோல் துண்டுகள் கொட்டின. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரிக்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த வரி சட்டமாகாது, வெறும் அச்சு. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள்ளோ, கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள்ளோ, திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, தூங்கிவிடாதீர்கள். கிழிந்த தையலையும் விவரச் சீட்டையும் படம் எடுத்து, பில் நகலோடு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசுங்கள். பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

புதிதாக வாங்கும்போது ஏமாறாமல் இருக்க, விவரச் சீட்டில் ‘50 நியூட்டன்’, ‘100 நியூட்டன்’ போன்ற எண்ணைத் தேடுங்கள். பத்து நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்கு மேலே தூக்கும் விசை. 50 என்பது நீச்சல் தெரிந்தவர், கரைக்குப் பக்கத்தில், உதவிக்கு ஆள் இருக்கும்போது அணிவது. நீச்சல் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 100 வேண்டும், அது மயங்கியவரையும் அமைதியான நீரில் முகம் மேலே இருக்கும்படி திருப்ப முயலும். எண்ணே இல்லாத ஆரஞ்சு நிறச் சட்டையை, ‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்று தொங்கவிட்டிருப்பார்கள். அது கோயில் தெப்பத்தில் படம் எடுத்துக்கொள்ளப் பொருந்தும்.

நான் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். மளிகைக் கடையிலிருந்து ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்லை இரவல் வாங்கி, பெரியவர்களுக்கான 50 நியூட்டன் ஜாக்கெட்டில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இரவு முழுவதும் விடுங்கள். தண்ணீருக்குள் அந்தக் கல் நாலேகால் கிலோ போலத்தான் கனக்கும், சரியான ஜாக்கெட் அதைத் தாங்கி மிதக்க வேண்டும். காலையில் கல்லோடு அடியில் கிடந்தால் தொட்டியையும் சேர்த்துப் படம் எடுங்கள், புகாருக்கு ஆகும். கருங்கல்லைக் கட்டிப் பார்ப்பதில் பயனில்லை, அதே எடையுள்ள கல் தண்ணீருக்குள் மூன்று கிலோ அளவுக்கு இலேசாகிவிடும்.

மாட்டிப் பார்க்கும்போது பட்டைகளை இறுக்கி, தோள்களைப் பிடித்து வேறொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை வந்தால் அளவு பெரிது.

கேள்வி: ஆன்லைனில் காற்றடிக்கும் கயாக் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழவேற்காட்டுக்குப் போதுமா? (சூளூர்ப்பேட்டை)

பதில்: பழவேற்காட்டில் ஆளிச் சிப்பியின் ஓடு கத்தி போல் இருக்கும். தூண்டில் முள்ளும் உங்கள் மடியிலேயே இருக்கும். ஒரே காற்றறை உள்ள படகு வேண்டவே வேண்டாம். குறைந்தது மூன்று தனித்தனி அறைகள், மேலே தடித்த துணி உறை என்று எழுதியிருந்தால் யோசிக்கலாம். பெட்டியில் ‘உயிர்காக்கும் சாதனம் அல்ல’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது குளத்து விளையாட்டுப் பொம்மை. தயாரித்த நாடும் இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லாத விற்பனைப் பக்கத்தை மூடிவிடுங்கள், குறை வந்தால் யாரைத் தேடிப் போவீர்கள்?

கேள்வி: தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் மெலிதாக, வெயிலுக்கு வசதியாக இருக்கிறதாமே?

பதில்: நனைந்தவுடன் உள்ளே இருக்கும் சிறு வாயு உருளை திறந்துகொண்டு ஊதும் வகை அது. கயாக்கில் துடுப்புத் தண்ணீர் மடியில் தெறித்துக்கொண்டே இருக்கும். ஒரு முறை ஊதினால் புது உருளை மாட்ட வேண்டும். ஃபோம் வைத்ததே போதும், வேர்க்கும், பரவாயில்லை.

கேள்வி: நான் பழவேற்காட்டு மீனவன். இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் பிளாஸ்டிக் படகில் வந்து எங்கள் பாட்டுக்குள், அதாவது எங்கள் முறைக்கான மீன்பிடி இடத்துக்குள், புகுந்து தூண்டில் போடுகிறார்கள். போன மாதம் ஒருவர் வலையில் சிக்கிக் கவிழ்ந்தார். காப்பாற்றியதும் நாங்கள், வலை கிழிந்த நட்டமும் எங்களுக்கு. இதற்கு நுகர்வோர் சட்டத்தில் வழி உண்டா?

பதில்: இல்லை அண்ணா. நீங்கள் அவரிடம் எதையும் வாங்கவில்லை, அதனால் நுகர்வோர் வழக்காகாது. ஊர்த் தலைவர்கள் மூலம் பேசி நட்டத்தை வாங்குவது, முடியாவிட்டால் காவல் நிலையம், அதற்கு மேல் உரிமையியல் வழக்கு என்று போக வேண்டியதுதான். ஆனால் உங்கள் கடிதத்தை இங்கே போட்டதற்குக் காரணம், கயாக் வாங்குகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதே.

பாடு என்பது ஏரியில் மீன்பிடி இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. நீங்கள் சும்மா கிடக்கும் தண்ணீர் என்று நினைப்பது இன்று ஒருவருடைய முறை, அவர் வீட்டு அடுப்பு. வரிசையாகக் கம்பு நட்டிருந்தால் அங்கே வலை இருக்கிறது. கரையில் இறங்கும் முன் இன்று எந்தப் பக்கம் பாடு என்று கேட்டுவிடுங்கள், யாரும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கூடவே காற்றையும் கேளுங்கள். காலையில் கச்சான் மேற்கிலிருந்து அடித்தால் போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பும்போது தோள் கழன்றுவிடும். வானிலைச் செயலியை நானும் பார்க்கிறேன். ஆனால் கரையில் வலை உலர்த்துகிறவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.

வலைக் கம்பில் நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டாக மோதவிட்டால், பயந்து எதிர்ப்பக்கம் சாயத் தோன்றும். அப்படிச் சாய்ந்தால் ஓட்டம் வரும் பக்க விளிம்பு நீருக்குள் போய்ப் படகு புரண்டுவிடும். கம்பைப் பார்த்துச் சாய்ந்து, அதைக் கையால் பிடித்துத் தள்ளி நகருங்கள். வலையை அறுக்கும் எண்ணம் உயிர் போகிற நேரத்தில் மட்டும் வரட்டும், அறுத்தால் கரைக்கு வந்து சொல்லிப் பணம் கொடுங்கள்.

இன்னொன்று: ஏரியில் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் பறவைகள் சரணாலயம் உண்டு. எங்கே போகலாம், எங்கே கூடாது என்று அந்தந்தப் பக்க வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஏரியின் நடுவே மாநில எல்லைக்குக் கோடு போட்டிருக்காது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடல் பக்கமே தலைகாட்ட வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் புகாத போன் உறை 150 ரூபாய்க்கும் இருக்கிறது, 1,200 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்குவது? (கும்மிடிப்பூண்டி)

பதில்: இரண்டில் எதை வாங்கினாலும், முதலில் போனுக்குப் பதில் ஒரு காகிதக் கைக்குட்டையை மடித்து வைத்து மூடி, மேலே கல் வைத்து வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமுக்கி வையுங்கள். காகிதம் காய்ந்திருந்தால் அந்த உறை போதும், 150 ரூபாய்க்காரனும் தேறக்கூடும். கயிற்றால் கழுத்தில் தொங்கவிடாமல் ஜாக்கெட்டின் பையில் வைத்து மூடுங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்காது. பக்கத்துப் பொத்தானை அழுத்தியே அவசர எண் 112க்கு அழைப்பு போகும் வசதியை வீட்டிலேயே அமைத்து வையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் 1093 இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். என் மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கிறார். பத்து நிமிடம் தாமதித்தாலும் போன் வந்துவிடும்.