மதியம் தளரும் வெற்றிடப் பிடிப்பு

அண்ணாச்சி, காலையில் வெற்றிடத்தால் இறுகப் பிடிக்கும் செயற்கைக் கால், அம்பாசமுத்திரம் வரப்புகளில் நடந்தபின் மதியம் 'புஸ்' என்று தளர்கிறது, காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப்பை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பம்ப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில், காற்றுப் புகாமல் மேலே மூடும் முழங்கால் உறையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே இழுத்துப் பிடியுங்கள். உங்கள் கால் நுழையும் கிண்ணமான சாக்கெட்டின் விளிம்பு உரசும் இடத்தில்தான் பெரும்பாலும் ஊசித்துளை விழும். சைக்கிள் டியூப் போலச் சோப்பு நீரில் குமிழி தேடாதீர்கள். இங்கே காற்று உள்ளே அல்லவா போகிறது!

துளை இல்லையென்றால், தோலை ஒட்டி மாட்டும் மெத்தென்ற உறையான லைனர் மேல் போடும் துணியுறை மேலேறி முழங்கால் உறைக்கு அடியில் சிக்கியிருக்கலாம். அதன் இழைகள் வழியே காற்று நுழைந்துவிடும். சாக்கெட் விளிம்புக்குக் கீழேயே அது முடிய வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு வியர்வை வேறு. நடுவில் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். தோல் சிவந்து கொப்புளம் கண்டிருந்தால் செயற்கைக் காலை மாட்டாமல், செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள்.