பூக்குடலை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் குடியாத்தம். பூப் பறிக்கிற ஓலைக் கூடையைப் பாட்டி 'குடலை' என்பார். அது 'குடல்' என்பதிலிருந்து வந்தது, பூஜைப் பொருளுக்கு அந்தப் பெயர் அமங்கலம் என்கிறார் என் கணவர். அலுவலக நண்பர் வடசொல் என்கிறார். எது சரி? ஆன்லைனில் பித்தளையில் ஒன்று வாங்கியிருக்கிறேன், அதையும் குடலை என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

போன வாரம்தான் விரிஞ்சிபுரம் போய் வந்தேன். மார்க்கபந்தீசுவரருக்குத் தல மரம் பனை. அந்தக் கோயில் வாசலில் அரளியும் வில்வமும் பாலித்தீன் பைக்குள் வியர்த்துக் கிடந்தன. 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பைக்குத் தமிழ்நாட்டில் தடை. மனசு ஆறாமல் திரும்பி வந்தால், உங்கள் கடிதம்.

வடசொல் என்ற பேச்சை விடுங்கள். தமிழில் எதைக் கேட்டாலும் அப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. குடலுக்கும் குடலைக்கும் உறவு உண்டு, ஆனால் தாய் மகள் உறவல்ல, அக்கா தங்கை உறவு. குடவு என்றால் வளைவு. வளைந்து, உள்ளே இடம் விட்டு நிற்பதையெல்லாம் நம் முன்னோர் இந்த வேரிலிருந்தே அழைத்தார்கள்: குடம், குடை, குடல், குடலை. குடங்கை என்று ஒரு சொல் இருக்கிறது, தெரியுமா? குவித்த உள்ளங்கை. மனிதன் பூவை முதலில் ஏந்தியது அதில்தானே! இதில் அமங்கலம் எங்கே வந்தது? வயிற்றில் இருப்பதை இழிவென்று நினைக்கும் பழக்கத்தைச் சொல்லின் தலையில் கட்டாதீர்கள். அவரிடமும் சொல்லுங்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தை. பாலாற்றங்கரையில் வீடு. பனங்குருத்தோலையைக் கிழித்து, நனைத்து, அரை மணியில் ஒரு குடலை பின்னிவிடுவார். நந்தியாவட்டையைப் பறித்துப் போடும்போது அதைக் கிளையில்தான் மாட்டவேண்டும். தரையில் வைக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே தொங்கவிடவும் கூடாது. ஒருநாள் சோம்பலில் பிளாஸ்டிக் பையில் பறித்து வந்தேன். அத்தை பையைத் திறந்து கையை உள்ளே விட்டார். "இன்னாத்துக்குடா பையில போட்ட? சூடு பாரு. பூ மூச்சு வுட வாணாமா?" அத்தனையையும் செம்பருத்திச் செடியடியில் கொட்டிவிட்டு, மறுபடி பறிக்க அனுப்பினார். அழுதுகொண்டே போனேன்.

பறித்த பிறகும் பூ மூச்சு விடுகிறது, அதில் வெப்பமும் ஈரமும் வெளியேறும் என்று பிறகு படித்தேன். பைக்குள் அது நீராகக் கோத்து இதழைக் கறுக்கவைக்கிறது. ஓலைப் பின்னலில் இடுக்கு வழியாகக் காற்று போய்வரும். தெளித்த தண்ணீரும் தேங்காமல் வடியும். அத்தை இதில் ஒன்றையும் படித்ததில்லை.

அப்புறம், பூவோடு இந்தச் சொல் முடிந்துவிடவில்லை. அணில் கடிக்காமலிருக்க மரத்திலேயே பழத்தைச் சுற்றிக் கட்டும் ஓலை உறையும் குடலைதான். நெல்லில் கதிர் வெளியே வராமல் உறைக்குள் சூல்கொண்டிருப்பதும் குடலை. வரப்பில் நின்று அத்தை பயிரை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, "குடலை கட்டிடுச்சு" என்பார். கசங்கிவிடும் ஒன்றைப் பொத்தி வைத்துக்கொள்வதற்குத்தான் இந்தப் பெயர். பழம், கதிர், பூ மூன்றுக்கும் ஒரே சொல் போதும் என்று எண்ணிய மக்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நாமோ அதைப் 'பூஜா பாஸ்கெட்' என்று விற்கிறோம், வாங்குகிறோம்.

பித்தளையைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் விருப்பம். அடியில் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் பாட்டிக்கு நிலம் இருந்ததா? நெற்பயிரைப் பார்த்தும் அவர் 'குடலை' என்று சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? வீட்டில் பெரியவர்களை விசாரித்து எழுதுங்கள்.