நிச்சயதார்த்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். மாப்பிள்ளைக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை. கார்த்திகையில் நிச்சயதார்த்தம். அதற்கு முன்பாக எங்கள் இருவரையும் வைத்துப் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் பிச்சாவரத்திலும் படமும் வீடியோவும் எடுக்க ஒரு ஸ்டுடியோவில் 60,000 ரூபாய்க்குப் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளையின் அண்ணன் பணம் கட்டுகிறார். ஒப்பந்தத்திலும் அவரே கையெழுத்துப் போடப் போகிறார். அதில், 'படங்களின் முழு உரிமையும் ஸ்டுடியோவுக்கே', 'விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்', 'எக்காரணம் கொண்டும் முன்பணம் 30,000 ரூபாய் திருப்பித் தரப்படாது' என்று மூன்று வரிகள் இருக்கின்றன. எல்லோரும் போடும் கையெழுத்துதானே என்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அம்மா தயங்குவது சரி. அந்தக் காகிதத்தில் இப்போதைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். புடவை நிறம், நகை, எந்த நேரத்து வெளிச்சம் என்று எல்லாவற்றையும் யோசிக்கும் வீடுகளில்கூட இந்த ஒரு தாளை யாரும் படிப்பதில்லை. படித்ததற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன்.

சட்டம் முதலிலேயே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு சொல்வது இது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கேமரா யாருடையது, பொத்தானை அழுத்தியது யார் என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு: 'மாறான ஒப்பந்தம் இல்லாதபோது' மட்டும்தான் இந்த உரிமை. ஸ்டுடியோவின் முதல் வரி அந்த மாறான ஒப்பந்தம். சட்டம் கொடுத்ததை உங்கள் வீட்டுக் கையெழுத்தே எடுத்துக் கொடுத்துவிடும்.

எடுக்கச் சொன்னவருக்கு உரிமை என்றேன். உங்கள் விஷயத்தில் எடுக்கச் சொல்பவர் யார்? காகிதத்தின்படி மாப்பிள்ளையின் அண்ணன். ஸ்டுடியோவின் வரியை நீக்கிவிட்டாலும், உங்கள் முகம் இருக்கும் படங்களின் பதிப்புரிமை அவருக்குப் போகும். உங்களுக்கு அல்ல, மாப்பிள்ளைக்கும் அல்ல. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். நல்ல காரியம் பேசும் நேரத்தில் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிச்சயம் நின்றுபோன வீடுகளில் முதல் சண்டை நகைக்காக வருகிறது, இரண்டாவது படங்களுக்காக வருகிறது. ஆகவே பணத்தை யார் கட்டினாலும், ஒப்பந்தத்திலும் ரசீதிலும் வாடிக்கையாளர் என்ற இடத்தில் உங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். 'பெயர் போட்டால் நல்லது என்று வக்கீல் சொன்னார்' என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

திருத்தாத கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உரிமை உங்களிடம் இருந்து, கோப்பு அவர்கள் கணினியில் கிடந்தால் பயனில்லை. படத்தை எடுத்தவர் என்று தன் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமை புகைப்படக்காரருக்குச் சட்டப்படி உண்டு. அதை மறுக்காதீர்கள், அது அவருடைய உழைப்புக்கான மரியாதை.

விளம்பர வரிக்கு வருகிறேன். நக்கீரன் இதழின் 'ஆட்டோ சங்கர்' வழக்கில், 1994இல், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கேயும் 'சம்மதமின்றி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் கையெழுத்திட்டால் சம்மதம் கொடுத்தாகிவிட்டது. அந்த வரியை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: 'இருவரும் தேர்ந்தெடுத்து எழுத்தில் ஒப்புதல் தரும் படங்களை மட்டும், நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு, ஸ்டுடியோ வெளியிடலாம், இருவரில் ஒருவர் நீக்கச் சொன்னாலும் ஏழு நாட்களுக்குள் நீக்க வேண்டும்.' கண்ணியமான ஸ்டுடியோ இதற்கு மறுப்புச் சொல்லாது.

மூன்றாவது வரி, முன்பணம். நீங்களாகத் தேதியை ரத்து செய்தால் ஸ்டுடியோவுக்கு நேர்ந்த நியாயமான இழப்பைக் கழித்துக்கொள்ளட்டும். முகூர்த்த மாதத்தில் அவர்கள் வேறு வேலையை விட்டிருப்பார்கள். ஆனால் 'எக்காரணம் கொண்டும்' என்பது அநியாயம். கார்த்திகை நம் கடற்கரைக்குப் புயல் மாதம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகேதான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு நாளில் படம் எடுப்பதே முடியாமல் போனால், ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65ஆவது பிரிவுகள் முன்பணத்தைத் திரும்பக் கேட்க இடம் தருகின்றன. வாதாடிப் பெறுவதைவிட, 'மழை, புயல் வந்தால் கூடுதல் கட்டணமின்றி வேறு நாள், அல்லது முன்பணம் திரும்ப' என்று எழுதிக்கொள்வது எளிது.

இடங்களுக்கான அனுமதியை ஸ்டுடியோவே வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தெருவிலிருந்து ஒரு கட்டடத்தைப் படமெடுப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் படியேறி நிற்பதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே வனத்துறையைக் கேட்க வேண்டும். டிரோன் பறக்கவிடுவோம் என்று சொல்லியிருந்தால் கூடுதல் கவனம் தேவை: 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் டிரோன் பறக்கவிடக் கட்டுப்பாடு உண்டு. புதுச்சேரியின் இலாசுப்பேட்டை விமான நிலையத்தால் கடற்கரைச் சாலையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. உரிய முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. உடை மாற்ற எங்கே ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். காரில் துணியைக் கட்டி மாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஸ்டுடியோ பேச்சு மாறினால், நீங்கள் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பணம் கட்டியது வேறொருவர் என்றாலும், அவர் இசைவோடு சேவையைப் பெறும் நீங்களும் நுகர்வோர்தான். ஆனால் ஒன்று: ஒப்பந்தமே அநியாயமானது என்று வழக்காடுவதானால் மாவட்ட ஆணையம் அதை ஏற்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் இந்த மூன்று வரிகளையும் இப்போதே மாற்றச் சொல்கிறேன். முன்பணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பேசியவற்றை அழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், அம்மாவும் படிக்கட்டும். திருத்திய பிரதி கைக்கு வந்ததும், கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்பிவையுங்கள்; ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.