மடுவத்து டிஜிட்டல் தராசும் கலர் சோட்டரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேயிலைக் கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவத்தில் இப்போது டிஜிட்டல் தராசு. தொழிலாளியின் அட்டையைக் காட்டினால் நிறை தானாகப் பதிவாகிறது. ஆனால் பெக்டரியில் லொறிக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தால் மொத்தம் குறைகிறது. பிழை எங்கே?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முதலில் தராசைச் சோதிக்கச் சொல்லுங்கள். முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்தால் ஐந்து இடத்திலும் ஒரே நிறை வரவேண்டும். ஒரு மூலை மட்டும் விலகினால் கால்கள் மட்டமாக இல்லை, அல்லது அடியில் நிறையை உணரும் லோட் செல் பழுது. மழையில் மண் தரை இளகிவிடும். ஆகவே தராசு சீமெந்துத் தளத்தில் நிற்பதே நல்லது. சாக்கு ஆடி நின்று, எண் அசையாமல் நின்ற பிறகுதான் அட்டையைக் காட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஆடும் எண்ணே பதிவாகிவிடும்.

தராசு சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் தண்ணீர். காலையில் காய்ந்த சாக்கை வைத்துக் கழித்த நிறையையே மத்தியானமும் கழிப்பார்கள். அதற்குள் சாக்கு நனைந்திருக்கும், அந்த ஈரமும் கொழுந்துக் கணக்கில் சேரும். சாக்கு நனைந்ததும் வெறுஞ்சாக்கை மறுபடி நிறுக்க வேண்டும். இலைமேல் நிற்கும் மழைநீர் வேறு. லொறி போகும் வழியில் அது வடிந்தும் காய்ந்தும் போகும்.

இந்த நீருக்காகக் கண்மதிப்பில் கிலோ வெட்டுவது நியாயமே அல்ல. 1 கிலோ நனைந்த கொழுந்தை எடுத்து, துணியில் பரப்பி, இலைமேல் ஈரம் போகும்வரை ஒற்றி, மறுபடி நிறுங்கள். 920 கிராம் வந்தால் மேல்நீர் 8 வீதம். இதை எல்லார் முன்னிலையிலும், மழை கூடிக் குறையும்போதெல்லாம் செய்ய வேண்டும். சுமார் நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். அதனால் பெக்டரிக்கும் இந்தக் கணக்கு முக்கியம். ஆனால் நாளுக்குரிய அளவுக்கு மேல் பறிக்கும் மேலதிக கிலோவை நம்பி மலையேறும் பெண்ணுக்கு அது அன்றைய காசு. கழிவு எவ்வளவு என்பதும் சீட்டில் அச்சாகி உடனே அவர் கைக்கு வரவேண்டும்.

சிக்னல் இல்லாத மலையில் பதிவுகள் கருவியிலேயே தங்கி, பிறகு போய்ச் சேரும். கருவியின் திகதி பிழைத்தால் இன்றைய கொழுந்து நேற்றைய கணக்கில் விழும். காலையிலேயே திகதியைப் பாருங்கள்.

கேள்வி: தேயிலைத் தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டர் இயந்திரம் காம்போடு நல்ல தூளையும் தள்ளிவிடுகிறதே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலும் தூளை அதிகம் கொட்டுவதே காரணம். கமரா நிறத்தைப் பார்த்துக் காம்பையும் நாரையும் பிரிக்கும், காற்று அதை ஊதித் தள்ளும். தூள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பக்கத்து நல்ல தூளும் பறக்கும். முதலில் சலித்து, ஒரே பருமனான தூளை மட்டும் மெல்லிய படலமாக விடுங்கள். இயந்திரம் தள்ளிய கழிவில் 100 கிராம் எடுத்துக் கையால் பிரித்தால் எவ்வளவு நல்ல தூள் போகிறது என்று தெரியும். அதைப் பார்த்து உணர்திறனைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கழிவை இரண்டாம் முறை ஓடவிட்டால் மிச்சமும் மீளும்.

கமராக் கண்ணாடியில் தேயிலைப் புழுதி படிந்தாலும் இதே கோளாறுதான். ஒவ்வொரு ஷிப்டிலும், காற்றை அழுத்தித் தரும் கொம்ப்ரசர் தாங்கியின் நீரைத் திறந்துவிட மறக்கவேண்டாம். அந்த ஈரமும் எண்ணெயும் காற்றோடு வந்தால் தூள் ஈரமாகி, எண்ணெய் வாடையும் ஏறும்.